'எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லை'

இங்கிலாந்திலுள்ள தமிழர் வீடுகளில் அதிகம் சொல்லப்படும் பொய் எதுவென்று யாராவது கேட்டால், மேலேயுள்ள மூன்று சொற்களையே நாங்கள் சொல்வோம். அதைச் சொல்பவர்கள் கெட்டவர்களல்லர். பிள்ளையில் உயிரையே வைத்திருப்பவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள். நாங்கள் இருவரும் அதை இரண்டு வருடங்கள் சொன்னோம். அதற்கு நாங்கள் கொடுத்த விலையையும், ஒரு சமூகமாக நாம் இன்னமும் கொடுத்துக்கொண்டிருக்கும் விலையையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

எங்கள் மகனுக்கு அப்போது மூன்று வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். விளையாட்டுக் காரை உருட்டமாட்டான். கவிழ்த்துப் போட்டு அதன் சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பான். வெள்ளைச் சோறும் ஒரேயொரு வகை பிஸ்கற்றும் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டான். கோயிலில் மேளம் தொடங்கினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீதிக்கு ஓடுவான். நேர்சரி ஆசிரியை ஒருநாள் எங்களைத் தனியே கூப்பிட்டு, டொக்டரிடம் ஒருமுறை காட்டினால் நல்லது என்று மிகத் தயங்கிச் சொன்னார். நாங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ஆசிரியைக்கு நிறத்துவேசம் என்று முடிவு கட்டினோம்.

எங்கள் முடிவை ஆமோதிக்க ஆட்களுக்குக் குறைவிருக்கவில்லை. பெரியம்மா சொன்னா: "தகப்பனும் நாலு வயதிலைதான் வாய் திறந்தவர். இப்ப அவற்றை வாயை மூடேலாமல் கிடக்கு." எல்லோரும் சிரித்தோம். சிநேகிதர் ஒருவர் சொன்னார்: "உவங்கள் எல்லாத்துக்கும் ஒரு பேர் வைப்பாங்கள். எங்கட ஊரிலை உப்பிடி ஒரு வருத்தம் இருந்ததே?"

இருந்தது. பெயர்தான் இருக்கவில்லை. கலியாண வீடுகளுக்குக் கூட்டிவரப்படாத பிள்ளைகள் எமது ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். விருந்தாளி படலையைத் திறக்கும் சத்தம் கேட்டதும் பின்னறைக்குள் விடப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். 'மந்தம்', 'விசர்', 'சாமிப்பிள்ளை' என்று அவர்களுக்கு நாம் பெயர் வைத்தோம். அவர்களுக்குத் தங்கைமார் இருந்தால், அந்தத் தங்கைமாரின் கலியாணப் பேச்சில் அண்ணன் ஒருவன் இருப்பதே சொல்லப்படவில்லை. ஊரில் இந்த வருத்தம் இருக்கவில்லை என்பவர்கள், அந்தப் பின்னறைக் கதவைத் திறந்து பார்க்காதவர்கள்.

*

வைத்திய உலகம் இதற்கொரு பெயரை 1943 இல்தான் தந்தது. அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் லியோ கனர் என்ற வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஓட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் நிலை பற்றிய எழுத்துக்களில் பெரும்பகுதி அங்கிருந்தே கிளைத்தது. அதன்பின் வந்தது பெரிய அநியாயம். தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை உள்ளே ஒடுங்கிப் போகிறது என்று சொன்னார்கள். சிக்காகோவிலிருந்த புரூனோ பெற்றல்ஹைம் 1967 இல் இதையே ஒரு பெரிய புத்தகமாக எழுதினார். ஒரு தலைமுறைத் தாய்மார் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். அந்தக் கருத்து பொய்யென்று எப்போதோ தள்ளப்பட்டுவிட்டது.

ஆனால் பெற்றல்ஹைமின் பெயரையே கேள்விப்படாத எம்மவர்கள் அவருடைய கருத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். "தாய் வேலைக்குப் போனதாலைதான்." "ரி.வி.யைப் போட்டுவிட்டிட்டுத் தாய் போனிலை இருந்ததாலைதான்." "வயித்திலை இருக்கேக்கை தாய் அழுததாலைதான்." எல்லாவற்றிலும் தாய்! தகப்பன்மார் எவரையும் இந்த விசாரணைக்கு யாரும் அழைத்ததில்லை. தாயைப் பிடிக்காதவர்கள் தடுப்பூசியைப் பிடிக்கிறார்கள். தடுப்பூசியைக் குற்றம் சாட்டிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் மீளப்பெற்றுக்கொண்டது. அதை எழுதியவரின் பெயர் அதே ஆண்டில் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. எமது வட்ஸ்அப் குழுக்களில் மட்டும் அந்தக் கட்டுரை இன்னும் உயிரோடிருக்கிறது.

*

இனி விசயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில், பதினாறு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்கு அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகளைவிடக் கணிசமாகக் கூடுதலான கவனிப்போ கண்காணிப்போ தேவைப்பட்டால், அதற்கொரு கொடுப்பனவு இருக்கிறது. டிஸபிலிற்றி லிவிங் அலவன்ஸ், சுருக்கமாக டீ.எல்.ஏ. பெற்றோரின் சம்பளத்தை இதற்குப் பார்ப்பதில்லை. வங்கியிலிருப்பதையும் பார்ப்பதில்லை. வருத்தத்தின் பெயர் வைத்திய அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை. தேவை மூன்று மாதங்களாக இருந்து, இன்னும் ஆறு மாதங்களாவது நீடிக்கும் என்றிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் கவனிப்புக்கான மூன்று படிகளும் வாரத்துக்கு 29.20, 73.90, 110.40 பவுண்களாக இருந்தன. பகலில் அடிக்கடி கவனிப்பு வேண்டுமானால் நடுப்படி. பகலிலும் வேண்டும், இரவிலும் வேண்டுமென்றால் மேற்படி. வெளியே போய்வருவதற்கான உதவிக்கு வேறொரு பகுதியும் இருக்கிறது.

இதை எங்களுக்கு முதலில் சொன்னவர் ஒரு வங்காளப் பெண். நேர்சரி வாசலில் சொன்னார். தமிழர் எவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்த தமிழரும் சொல்லவில்லை. ஏனென்றால், சொன்னால் எங்கள் பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது என்று அவர்கள் சொன்னதாகிவிடும்!

விண்ணப்பத்தைத் தபாலில் எடுப்பித்தோம். ஏறத்தாழ நாற்பது பக்கங்கள். முன் அட்டையிலேயே அந்தச் சொல் இருந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று இருவரும் யோசித்தோம். 'ஊனம்' என்று சொல்ல நா எழவில்லை. 'வலது குறைந்தவர்' என்று இலங்கையில் சொல்வார்கள். எமது பிள்ளைக்கு வலது இடது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. 'மாற்றுத் திறனாளி' என்று தமிழ்நாட்டில் சொல்கிறார்கள். அது பாராட்டுப் பத்திரம் போல இருந்தது. சொல்லை முடிவு செய்ய முடியாமலேயே விண்ணப்பத்தை லாச்சிக்குள் வைத்தோம். ஒன்றரை வருடம் அது லாச்சிக்குள் கிடந்தது.

டீ.எல்.ஏ. பின்னோக்கித் தரப்படுவதில்லை. நீங்கள் ரெலிபோன் எடுத்து விண்ணப்பத்தைக் கேட்ட நாளைக் குறித்துக்கொள்வார்கள். ஆறு வாரங்களுக்குள் நிரப்பி அனுப்பினால் அந்த நாளிலிருந்து கணக்கு. அதற்கு முந்திய ஒரு நாளுக்கும் கிடையாது. நடுப்படி என்று வைத்தாலும் ஒரு வருடத்துக்கு 3,842 பவுண்களுக்கு மேல். அந்தக் காசில் எங்கள் மகனைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். இரவு வேலைக்குப் போவதை எங்களில் ஒருவர் நிறுத்தியிருக்கலாம். நாங்கள் அதை ஒரு சொல்லுக்குப் பயந்து விட்டெறிந்தோம்.

*

மகனுக்கு ஐந்து வயதானபோது புதிதாக விண்ணப்பம் எடுத்து ஒருவாறு நிரப்பினோம். பேச்சு எப்படி என்று கேட்டிருந்தது. ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறையும் சொல்வான் என்று எழுதினோம். தண்ணீர் வேண்டுமென்று கேட்கத் தெரியாதவன் என்பதை எழுதவில்லை. கழிவறை பற்றிக் கேட்டிருந்தது. 'சில வேளைகளில் உதவி தேவை' என்றோம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை உடுப்பு மாற்றியதை எழுதவில்லை. நித்திரை பற்றிக் கேட்டிருந்தது. 'சிலநாள் பிந்தித்தான் நித்திரை' என்றோம். எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எத்தனை நிமிடம் என்று போட்டிருந்த கட்டங்களை வெறுமையாக விட்டோம். பெற்ற பிள்ளைக்குச் செய்வதை யார் நிமிடக் கணக்கில் எழுதுவார்கள் என்று எங்களுக்கு ரோசம்.

பதில் வந்தது. அதே வயதுப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் கூடுதலான கவனிப்பு இவருக்குத் தேவைப்படுவதாகத் தெரியவில்லை என்றிருந்தது. எங்களுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு எங்கள் விண்ணப்பத்தின் பிரதியை எடுத்து வாசித்தோம். அந்த அலுவலர் எங்களை நம்பியிருந்தார்! எங்கட பிள்ளைக்கு ஒண்டுமில்லை என்று நாற்பது பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தோம். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் நாம் எம்மையே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நாம் நிரூபித்துப் பழகாதவர்களா? எங்களில் ஒருவர் 2010 இல் இந்த நாட்டுக்கு வந்தவர். தழும்பு ஒவ்வொன்றையும் வைத்தியர் அளந்து எழுதிய அறிக்கை, முகாமிலிருந்த நாட்களின் கணக்கு, எந்தத் தேதியில் எவர் வந்து விசாரித்தார் என்ற ஒழுங்கு, இவையெல்லாவற்றையும் கொடுத்து, நடந்தது நடந்ததுதான் என்று இரண்டரை வருடம் வாதாடியவர். உடம்பின் மிக அந்தரங்கமான அவமானத்தை அந்நியன் ஒருவன் முன்னால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு சொன்னவர். எமக்காக அதைச் சொல்ல முடிந்தது. பிள்ளைக்காகச் சொல்லும்போது நா ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். நல்ல பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் எடுக்க, இல்லாத விலாசத்தை எழுதியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். கடைக்கணக்கை இரண்டு கொப்பியில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் எவருக்கும் கை கூசவில்லை. ஆனால் தங்கள் பிள்ளையைப் பற்றிய உண்மையை எழுதும்போது, "சீ, அரசாங்கத்தின்ரை காசு எங்களுக்கெதுக்கு" என்கிறார்கள். பொய் எழுதக் கூசாத கை உண்மை எழுதக் கூசுவதற்கு மானம் என்று பெயரா?

*

இது அரசாங்கம் போட்ட பிச்சையுமல்ல. 1962 இல் லண்டனில் ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான லோர்னா விங், ஒரு மனநல வைத்தியர், அப்படியொரு பெண் பிள்ளையின் தாய். அவரும் ஜூடித் கூல்டும் லண்டன் கம்பர்வெல் பகுதியில் நடத்தி 1979 இல் வெளியிட்ட ஆய்வு, கனர் வரைந்த சிறு வட்டத்துக்கு வெளியேயும் எத்தனையோ பிள்ளைகள் நிற்பதைக் காட்டியது. 1965 இல் இரண்டு இல்லத்தரசிகள் பத்திரிகைக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து இன்னொரு இயக்கம் தொடங்கியது. அவர்களில் ஒருவரான மெகன் டு புவாஸோன் தானே நோயாளி. வேலை செய்து காப்புறுதி கட்டாதவர்களுக்கு, பெண்களுக்கு, ஊனத்துக்காக அரசு ஏன் ஒரு சதமும் தருவதில்லை என்று அந்த இயக்கம் கேட்டது. 1971 இல் முதல் கவனிப்புக் கொடுப்பனவு வந்தது. 1992 இல் டீ.எல்.ஏ. வந்தது. பெற்றோரும் நோயாளிகளும் வெட்கத்தை விட்டுக் கேட்டதால் வந்தது. நாம் அதை வேண்டாம் என்பது பெருந்தன்மையல்ல; மற்றவர்களின் போராட்டத்தை உதாசீனம் செய்வது.

ஆனால் இந்த அரசைத் தாராளமானது என்று நினைத்துவிடவும் கூடாது. பிள்ளையை வாரத்துக்கு 35 மணித்தியாலம் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவு இருக்கிறது. பிள்ளைக்கு நடுப்படியோ மேற்படியோ கிடைத்தால் அதைக் கேட்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து அது வாரத்துக்கு 83.30 பவுண்களாக இருந்தது. வகுத்துப் பாருங்கள்: மணித்தியாலத்துக்கு 2.38 பவுண். அந்த நிதியாண்டில், கழிவுகள் போக வாரத்துக்கு 196 பவுண்களுக்கு மேல் ஒரு பவுண் உழைத்தாலும் முழுவதும் போய்விட்டது. ஒரு தாயின் இரவுகளுக்கு இந்த நாடு போட்ட விலை இதுதான். இதைக் கேட்டுப் பெறுபவர்களைத்தான் பத்திரிகைகள் சோம்பேறிகள் என்று எழுதுகின்றன. அந்தப் பத்திரிகைகளை வாசித்துவிட்டு எம்மவர்களும் அதையே சொல்கிறார்கள்.

அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் கிடைக்காதவர்களுக்கு டீ.எல்.ஏ. கதவே பூட்டியிருக்கிறது. பிள்ளையின் தேவை அதே தேவைதான். தாயின் கையிலிருக்கும் அட்டை வேறு. அவர்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 1989 ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின்படி, ஊனமுள்ள பிள்ளை 'தேவையுள்ள பிள்ளை' என்றே கருதப்படும். அந்தப் பிள்ளையின் தேவைகளைக் கணிக்கும்படி கவுன்சிலிடம் கேட்கத் தாய்க்கு விசா தேவையில்லை.

*

உண்மையை எழுதக் கூசிய நாங்கள், இன்னொன்றுக்கு எவ்வளவு இலகுவில் பணிந்துபோனோம் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரு மொழி போதும் என்று எங்களுக்கு ஒருவர் சொன்னார். அது சட்டமுமல்ல, வைத்தியமுமல்ல. அடுத்த நாளே நிறுத்தினோம். எங்களுக்கிருந்த உடைந்த ஆங்கிலத்தில் பிள்ளையோடு கதைத்தோம். எங்களோடிருந்த அம்மம்மாவுக்கு அதுவும் தெரியாது. எட்டு மாதம் அவ பேரனோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கதைத்தால் பிள்ளைக்குக் கூடாது என்று நம்பி, சோற்றை வாயருகில் நீட்டிக்கொண்டு ஊமையாக நின்றா. இரண்டு மொழி கேட்டு வளர்வது ஓட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்றுதான் இதுபற்றிய ஆய்வுகள் சொல்கின்றன என்று பின்னர் வந்த பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபோது, அம்மம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. உரிமையாகத் தந்ததை வேண்டாமென்றோம்; விட்டுவிடச் சொன்னதை உடனே விட்டோம். இதுதான் எம்முடைய மானம்!

*

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் தருவார்கள். கேட்டோம், கீழ்ப்படி தந்தார்கள். அதற்கு மேல் ரைபியூனலுக்குப் போனோம். இம்முறை வேறு விதமாக ஆயத்தம் செய்தோம். ஒரு கொப்பியில் இரண்டு வாரம், மணி பார்த்து எழுதினோம். 'திங்கள் அதிகாலை 2.10: குளியலறைக் குழாய் திறந்திருந்தது, தரையெல்லாம் தண்ணீர், உடுப்பு மாற்றியது, 50 நிமிடம். 3.40: வாசற்கதவில் நின்றான், திறப்பு எங்கள் தலையணைக்குக் கீழே. 5.15: எழும்பிவிட்டான், பிறகு நித்திரை இல்லை.' எழுதும்போது பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. எழுதி முடித்து வாசித்தபோது, மூன்று வருடமாக நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஓர் இரவும் நித்திரை கொள்ளவில்லை என்பது முதன்முறையாக எங்களுக்கே தெரிந்தது.

மூன்று பேர் இருந்தார்கள்: ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், ஊனமுற்றோரின் தேவைகளை அனுபவத்தில் அறிந்த ஒருவர். வைத்தியர் கொப்பியைப் புரட்டிவிட்டு, கோயிலுக்குப் போவீர்களா என்று கேட்டார். போவதை விட்டுவிட்டோம் என்றோம். யாராவது கூட நின்று பிடித்துக்கொண்டால் போக முடியுமா என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று பிறகுதான் விளங்கியது. செவிப்புலனற்ற ஓர் இளம்பெண்ணின் வழக்கில், சாதாரணமான சமூக வாழ்க்கையில் பங்குபற்றத் தேவைப்படும் உதவியும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியதுதான் என்று 1997 இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. பிறந்தநாள் வீட்டில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், கோயில் வீதியில் அவனுக்குப் பின்னால் ஓடுவதும் தேவைதான் என்கிறது இந்த நாட்டின் சட்டம். எம்முடைய சனமோ, "உவனை ஏன் உங்கை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?" என்கிறது.

மேற்படி கிடைத்தது, ரெலிபோன் எடுத்த நாளிலிருந்து. லாச்சிக்குள் கிடந்த ஒன்றரை வருடம் போனது போனதுதான்.

*

எமது சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிராமர் ஸ்கூல் சோதனைக்கு வகுப்பு வைக்கிறீர்கள். சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தை மலரில் போடுகிறீர்கள். அரங்கேற்றத்துக்கு மண்டபம் நிறைகிறது. நல்லது. எங்கள் மகனைத் தமிழ் வகுப்பில் சேர்க்கக் கொண்டுபோனபோது, மற்றப் பெற்றோர் குறை சொல்லுவினம் என்று ஒரு பாடசாலையில் திருப்பியனுப்பினார்கள். சொன்னவரின் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. கவலை வேண்டாம், ஒரு மேசை தாருங்கள்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த நகரத்துக்கு வந்திறங்கியவர்களுக்காக, ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் ரூற்றிங்கிலும் ஆங்கிலம் தெரிந்த சிலர் தங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இரவிரவாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கெழுதினார்கள். கூடப் போனார்கள். காசு வாங்கவில்லை. அப்போது எவரும் எவரையும் பார்த்து வெட்கப்படவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே வழக்கு. அந்த மேசை எங்கே போனது?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் ஓர் ஓரத்தில் அந்த மேசையைத் திரும்பப் போடலாம். டீ.எல்.ஏ. விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும். பள்ளிக்கூட உதவிக்குக் கவுன்சிலிடம் பெற்றோரே நேரில் கேட்கலாம், 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும், திட்டம் எழுதுவதென்றால் இருபது வாரத்தில் முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒருவர் போதும். பக்கத்தில் இருந்து, "பயப்பிடாதேங்கோ, உள்ளதை எழுதுங்கோ, எத்தனை நிமிசம் எண்டு எழுதுங்கோ" என்று சொல்ல ஒரு தாய் போதும். அந்தத் தாய் எங்கள் வீட்டிலேயே இருக்கிறா. கொப்பியும் இருக்கிறது. அதில் மிச்சப் பக்கங்கள் நிறைய உண்டு.

இதை வாசிக்கும் வீடுகளில் ஏதாவதொன்றில் ஒரு விண்ணப்பம் லாச்சிக்குள் கிடக்கக்கூடும். பழையதை விட்டுவிடுங்கள். இன்றைக்கே ரெலிபோன் எடுத்துப் புதிதாக ஒன்று கேளுங்கள். கேட்ட நாளிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.